உபயத்துக்கு ஏழு டைல்ஸ்

அத்தியாயம் 17

போன வாரம் முதலாளி கொளஞ்சியப்பன் நீட்டிய பட்டியலை இளமதி வாங்கிப் பார்த்ததோடு விட்டோம். வாங்கியவள் அன்று ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தாளே தவிர, நாலு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டியல் இதுதான். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட மதிலில் திறக்கப்போகும் 'மாவீரர் நினைவுப் பலகை'க்குப் பத்து பீங்கான் டைல்ஸ். தலைப்புக்கு ஒன்று. திறந்து வைக்கும் பிரமுகருக்கு ஒன்று. நாட்டுக்காக உயிரைக் கொடுத்த நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று. மீதி ஏழும் உபயதாரர்களுக்கு. சுவருக்குக் கல் கொடுத்தவர், பெயிண்ட் கொடுத்தவர், பந்தல் போடுகிறவர், அன்றைக்கு லட்டு தருகிறவர் என்று ஆளுக்கொரு டைல்ஸ். செத்தவர்கள் நாலு பேரும் ஒரே டைல்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். லட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

அந்த ஏழில் ஒன்று இளமதியின் மாமனார் பழமலைக்கு. ஆலடி ரோட்டில் ஹாலோ பிளாக் போடுகிறவர் அவர். அவருடைய ஒரே மகன், இளமதியின் புருஷன் அறிவழகன், பதினோரு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். பனியில் வலது கையில் மூன்று விரல்களையும் இடது காலில் எல்லா விரல்களையும் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி ஆறு வருஷமாகிறது. அவன் பெயர் பட்டியலில் எந்த மூலையிலும் இல்லை.

அதே பள்ளிக்கூட வாசலில்தான் அவன் இப்போது வாட்ச்மேன். விழா அன்றைக்கு அவனுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். வருகிற கார்களை வரிசையாக நிறுத்த வேண்டும். கூடவே, மிலிட்டரி கேன்டீனில் விருந்தாளிகளுக்காக நாலு பாட்டில் ரம் வாங்கித் தர வேண்டுமாம். ஊர் ராணுவக்காரனை மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டில் தேவைப்படும்போது சரியாக ஞாபகம் வந்துவிடுகிறது.

சனிக்கிழமை விடிந்தது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூளை மூட்டியாக வேண்டும். அன்றைக்குத் தவறினால் விழாவுக்குள் டைல்ஸ் வெந்து ஆறாது.

கொளஞ்சியப்பனின் பட்டறையில் விளக்கும் பொம்மையும் ஜாடியும் செய்கிறார்கள். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது இளமதியின் வேலை. பட்டறையிலேயே நல்ல கை அவளுடையதுதான். அதனால் டைல்ஸ் எழுத்தும் அவள் தலையில் விழுந்தது. தன் புருஷன் பெயரை விட்டுவிட்டு ஊரார் பெயரையெல்லாம் அவளே முத்து முத்தாக எழுத வேண்டும். இதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பத்தரை மணி வாக்கில் அவள் லட்டுக்காரரை எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டருகே ஓர் அம்மாள் வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் கவர். பாதத்தில் சேற்றுக் கறை. பார்த்த மாத்திரத்தில் இளமதிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பூவாயி. சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவள். அவள் மகன் தமிழ்மணியும் அறிவழகனும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். அறிவழகன் விரல்களை இழந்து உயிர் தப்பிய அந்த விபத்தில்தான் தமிழ்மணி போய்ச் சேர்ந்தான்.

பலகையில் பெயர் எழுதுகிறார்கள் என்று யாரோ பஸ்ஸில் பேசிக் கேட்டிருக்கிறாள். மறுநாளே மகன் போட்டோவையும் ராணுவம் கொடுத்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு வந்துவிட்டாள்.

கொளஞ்சியப்பன் கெட்ட மனுஷன் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். 'பணியின்போது வாகன விபத்து' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் சொன்ன பதிலைத்தான் இளமதியால் தாங்க முடியவில்லை.

"லாரி கவுந்து போனதுக்கும் சண்டையில போனதுக்கும் வித்தியாசம் இருக்குதும்மா. இத எழுதுனா நாளைக்கு டவுன் பஸ்ஸு டிரைவர் வூட்டுலேருந்தும் வந்து கேப்பாங்க. நான் என்னா பதில் சொல்றது?"

பூவாயி வாதாடவில்லை. அழவும் இல்லை. காகிதத்தை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டு, போகிற வழியில் இளமதி பக்கத்தில் ஒரு நிமிஷம் குந்தினாள்.

"பெருசா ஒன்னும் வேணாம் பாப்பா. ஒரு ஓரமா தமிழ்மணின்னு இருந்தா போதும். எம் புள்ள வலி தெரியாம, லாரி வுழுந்த கையோட போயிட்டான்னு உங்க வூட்டுக்காரரு வந்து சொன்னாரு பாரு, அந்த ஒரு சொல்லத்தான் புடிச்சிக்கிட்டு ஆறு வருசமா சோறு துன்னுறன்."

தான் பார்த்துச் சொல்வதாக இளமதி அவள் செல் நம்பரை வாங்கிக்கொண்டாள். என்ன பார்க்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. லட்டுக்காரரின் 'ட்' கோணிக்கொண்டது. அழிக்காமல் அப்படியே விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நாலு நாளாக அடக்கி வைத்ததை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கிடைத்தவன் புருஷன்.

அறிவழகன் வாட்ச்மேன் கூண்டில் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் இரண்டு விரலால் வருகைப் பதிவு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் புது மதில் சுவர், பலகைக்காக நடுவில் பள்ளம் விட்டுப் பூசியிருந்தது. அவன் காவல் காக்கிற சுவர், அவன் அப்பா கல், அவன் பெண்டாட்டி எழுத்து. அவன் மட்டும் இல்லை.

இளமதி பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு ரோசம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். சொந்த அப்பாவே கண்டுகொள்ளவில்லை, கார் துடைக்கக் கூப்பிட்டாலும் போவீர்களா என்று கேட்டாள். பூவாயி வந்ததையும் டீ குடிக்காமலேயே திரும்பிப் போனதையும் சொன்னாள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பூவாயி பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தான்.

"அவங்களுக்குத் தெரியாது இளமதி. அவன் உடனே சாவல" என்றான்.

ஆறு வருஷமாக வாயைத் திறக்காதவன் அந்தக் கூண்டில் கால் மணி நேரம் பேசினான். மலை உச்சியில் இருந்த காவல் சாவடிக்கு மண்ணெண்ணெய் ஏற்றிப் போனார்கள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். உருக்க மண்ணெண்ணெய் வேண்டும். இரண்டு நாளாக வண்டி போகாததால் மேலே இருந்தவர்கள் நாக்கு வறண்டு கிடந்தார்கள். போகாதே என்று சொல்கிற பனியில் இவர்கள் போனார்கள். வளைவில் ரோடு உள்வாங்கியது. லாரி கவிழ்ந்து பள்ளத்தில் போய்ச் சிக்கியது. அறிவழகன் வெளியே வந்து விழுந்தான். தமிழ்மணியின் இரண்டு காலும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டன.

"ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருந்தான். கை எரியுதுடான்னான். எங் கையுறைய கழட்டி அவனுதுக்கு மேலயே மாட்டுனன். பூட்ஸ கழட்டி அவன் கைய உள்ள வுட்டு வச்சன். விடியிற நேரத்துல பேச்சு நின்னு போச்சு."

இளமதி அவன் கையைப் பார்த்தாள். பனி கடித்துவிட்டது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது. அவள் அவ்வளவுதான் அறிந்தவள். வீட்டிலோ வேறு கதை. ரம்மைக் குடித்துவிட்டுக் கையுறையைத் தொலைத்தான் என்று எவனோ கிளப்பிவிட, அதை முதலில் நம்பியவர் பழமலை. மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையுறை எங்கே போனது என்று சொன்னால் தமிழ்மணி எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான் என்பதும் சேர்ந்து வெளியே வரும், அது பூவாயி காதுக்குப் போகும் என்று இவன் வாயை மூடிக்கொண்டு குடிகாரப் பட்டம் வாங்கிக்கொண்டான்.

"எம் பேரு எங்கயும் வேணாம். அவன் பேரு வந்தா போதும். ஆனா அந்தம்மாவுக்கு இது தெரியக் கூடாது, ஆயுசுக்கும்" என்றான்.

அவள் தலையாட்டினாள். ஆட்டியது உண்மையாகத்தான். ஆனால் திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் தனக்குள் பொருமிக்கொண்டே வந்தாள். மேலே இருந்தவன் துப்பாக்கி பிடித்தது சண்டையாம், அவன் குடிக்கத் தண்ணீருக்கு வழி செய்தவன் செத்தது விபத்தாம். சண்டை என்பதை இவர்கள் எதில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்?

பட்டறையில் பழமலை காத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, பையில் செல்போன், முகமெல்லாம் பல். தன்னுடைய டைல்ஸ் மட்டும் இன்னும் எழுதாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டார். எழுத்து எப்படி வர வேண்டும் என்று செல்போனில் படம் காட்டினார். 'உபயம்' சின்னதாக, 'பழமலை ஹாலோ பிளாக்ஸ்' பெரியதாக, ரோட்டில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரி.

"கீழ செல் நம்பரையும் போட்டுடும்மா" என்றார்.

மாவீரர் பலகையில் செல் நம்பர். இளமதி தூரிகையைக் கீழே வைத்தாள். மாமனார் எதிரில் அவள் குரல் உயர்ந்ததே இல்லை. அன்றும் உயரவில்லை.

"மாமா, உங்க மொவன் பேரு எதுலயும் இல்லீங்களே?"

பழமலை சுற்றுமுற்றும் பார்த்தார். களிமண் பிசைகிறவர்கள், பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற பெண்கள், மேல்பூச்சுக்கான கிளேஸ் தொட்டியில் டைல்ஸ் முக்குகிற கண்ணம்மாள், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகள் இப்படி நாலு பேர் நடுவில் கேட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

"அவன எதுக்கும்மா எழுதணும்? மத்தவன் குண்டடி பட்டுச் செத்தான். இவன் குடிச்சிட்டுக் கையுறைய தொலச்சிட்டு வெரலு இல்லாம வந்து நின்னான். அத வேற பீங்கான்ல எழுதி ஊருக்குக் காட்டணுமா?"

சொல்லிவிட்டு கொளஞ்சியப்பனோடு டீக்கடைக்குப் போய்விட்டார். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். 

 இளமதிக்கு ஓடிப்போய் அந்தக் கிழவரின் வேட்டியைப் பிடித்து நிறுத்தி உண்மையைக் கத்த வேண்டும் போலிருந்தது. வாக்குக் கொடுத்திருந்தாளே, வாயைத் திறக்க முடியாது. ஆனால் கை சும்மாதான் இருந்தது.

இங்கே இந்தத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தரம் சுட்ட டைல்ஸில் முதலில் வர்ணத்தால் எழுதுவார்கள். பிறகு அதைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுப்பார்கள். காய்ந்ததும் கிளேஸ் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்து, கீழே இருக்கும் எழுத்தை மூடிவிடும். சூளையில் வெந்தபிறகுதான் அது கண்ணாடியாக உருகி எழுத்தைக் காட்டும். அதற்கு முன்னால் எழுதியது ராமனா ராவணனா என்று எழுதினவளுக்கும் முக்கினவளுக்கும் மட்டும்தான் தெரியும். வெந்தபின் அழிக்க ஆண்டவனாலும் ஆகாது.

பழமலையின் டைல்ஸை இளமதி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கறுப்பைத் தொட்டாள். செல்போன் படத்தில் இருந்தது போலவே ரோட்டில் போகிறவனுக்கும் தெரிகிற எழுத்தில் எழுதினாள்.

'தமிழ்மணி. ராணுவ லாரி ஓட்டுநர். காவல் சாவடிக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோன வழியில் உயிர் தந்தவர்.'

கீழே செல் நம்பருக்கு விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. எம் பேரு வேணாம் என்று புருஷன் சொன்னது காதில் இருந்தது. குடிச்சிட்டுத் தொலச்சான் என்று மாமனார் சொன்னதும் இருந்தது. இரண்டாவதுதான் உரக்கக் கேட்டது. அவள் எழுதினாள்.

'தன் கையுறையைக் கழற்றி அவருக்கு மாட்டி, விடியும்வரை உடனிருந்தவர், அறிவழகன்.'

எழுதி முடித்ததும் நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. தானே தூக்கிக்கொண்டு போய்க் கண்ணம்மாளிடம் நீட்டினாள்.

கண்ணம்மாளுக்குப் படிக்கத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதடு அசையப் படித்தாள். கேட்டை ஒரு தரம் பார்த்தாள். எதுவும் கேட்காமல் டைல்ஸைத் தொட்டியில் முக்கினாள். எடுத்துக் காய விட்டு, கறுப்பு லேசாகத் தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டு, இன்னொரு தரமும் முக்கினாள்.

"பழமலை ஐயா பேரு நல்லா நீளமாத்தான் இருக்குது" என்றாள்.

நாலரை மணிக்குப் பத்து டைல்ஸும் வெள்ளை வெளேரென்று சூளைக்குள் போயின. பழமலை திரும்பி வந்து, தன்னுடையது எது என்று கேட்டார். கண்ணம்மாள் கை காட்டினாள். நடுத்தட்டில் வைக்கச் சொன்னார், அங்கேதான் நன்றாக வேகுமாம். அவர் சொன்னபடியே வைத்தார்கள்.

வாசலைச் செங்கல் அடுக்கிக் களிமண்ணால் பூசி அடைத்தார்கள். குங்குமம் வைத்தார்கள். உபயதாரர் ஒருவர் கையால் சூளை மூட்டினால் நன்றாக இருக்கும் என்று கொளஞ்சியப்பன் அபிப்பிராயப்பட, கற்பூரத்தைக் கொளுத்தி பர்னருக்கு நெருப்புக் காட்டினவர் பழமலையேதான். தன் பெயருக்கு நெருப்பு வைப்பதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டார். பர்னர் குபுக்கென்று பிடித்து இரைந்தது. இளமதிக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க வராத சிரிப்பு.

புதன்கிழமை சூளை பிரிக்கும்போது பிரமுகரையும் பத்திரிகைக்காரர்களையும் அழைத்திருப்பதாகக் கொளஞ்சியப்பன் அறிவித்தார். முதல் டைல்ஸை பழமலை எடுத்துத் தூக்கிக் காட்ட வேண்டும், படம் பிடிப்பார்கள் என்றார்.  இளமதிக்குப் பயம் கிட்டத்தில் கூட வரவில்லை. வேலை போகட்டும். வீட்டை விட்டுப் போ என்று மாமனார் சொல்லட்டும். பத்திரிகைக்காரன் நாலு பேர் வந்து படம் பிடித்துக்கொண்டு போகட்டும்.

எல்லோரும் கலைந்தபின் பட்டறை வாசலில் நின்று பூவாயிக்குப் போன் போட்டாள். நடவு முடித்து அப்போதுதான் கரையேறியிருந்தாள் அவள்.

"உங்க புள்ள பேர எழுதிட்டங்கம்மா. தனி டைல்ஸு. பெரிய எழுத்து. புதன்கெழம காலையில வந்துருங்க, மொத ஆளா பாக்கலாம்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பூவாயி சாமி பெயரையெல்லாம் சொல்லி அவளை வாழ்த்தினாள். அவள் புருஷனை வாழ்த்தினாள். எழுதச் சொன்ன முதலாளி நல்லாயிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். இளமதி மறுக்கவில்லை.

"எனக்குத்தான் எழுத்து தெரியாது பாப்பா. எந் தங்கச்சி மவ நர்ஸுக்குப் படிக்குது. அத கூட்டியாந்து ஒரு எழுத்து வுடாம படிக்கச் சொல்லிக் கேக்குறன்" என்றாள் பூவாயி. கொஞ்சம் நிறுத்தி, தயங்கிக் கேட்டாள். "எம் புள்ள எப்படிப் போனான்னும் அதுல போட்டுருக்குதா பாப்பா?"

இளமதி தான் எழுதியதை மனசுக்குள் ஒரு தரம் படித்துப் பார்த்தாள்.  விடியும்வரை. தன் கையால் எழுதிய அந்த ஒரு சொல் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புருஷன் விரல்களோடு மானத்தையும் கொடுத்து ஆறு வருஷம் அந்தத் தாயிடமிருந்து மறைத்து வைத்ததை, ரோட்டில் போகிறவனுக்கும் தெரிகிற எழுத்தில் எழுதி அவளே சூளைக்குள் அனுப்பியிருக்கிறாள்.

காலையிலிருந்து ஊர் மேலெல்லாம் பாய்ந்த கோபம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

"பாப்பா, லைன்ல இருக்கியா?" என்றாள் பூவாயி.

அடைத்த வாசலின் களிமண் பூச்சு காயத் தொடங்கியிருந்தது. உள்ளே நெருப்பு நன்றாகப் பிடித்துவிட்டது.